மிஸ்ஸியம்மா சொன்ன புட்பால்

என் அண்ணன் சனிக்கிழமை சாகப்போகிறான் என்பது எனக்கு வியாழக்கிழமையே தெரிந்துவிட்டது. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

நாங்கள் ஆம்பூரில் பாலாற்றுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. மயிர் உதிர்வதற்காக ஊறப்போட்ட தோல்களை, குழிக்குள் இறங்கி நின்று புரட்டிப் போட வேண்டும். அவர் விரல் இடுக்குகள் எந்நேரமும் வெடித்துக் கிடக்கும். சோற்றில் கை வைத்தால் குழம்பின் காரம் பட்டு முகத்தைச் சுளிப்பார். பிறகு ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிடுவார். அண்ணன் அதே ஷாப்பில் தோல் பிரிக்கிற அறையில் இருந்தான். பதனிட்ட தோலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எவ்வளவு சின்ன ஓட்டையானாலும் கண்டுபிடித்து ஒதுக்குவான். அந்தக் கண் ஷாப்பிலேயே வேறு யாருக்கும் கிடையாது என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

அண்ணனுக்கும் எனக்கும் நடுவே பிறந்த இரண்டு பேர் தங்கவில்லை. எனக்குப் பிறகு பிறந்த தம்பியும் முந்தின வருஷம் பேதியில் போய்விட்டான். அதனால் அண்ணன் இரண்டு தடவை தும்மினாலே அம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

ஷாப்பு விட்டதும் அண்ணன் ஆற்று மணலுக்குப் பந்தாடப் போய்விடுவான். தோல் வாங்குவதற்காக மெட்ராஸிலிருந்து வந்துபோகும் இங்கிலாந்துத் துரை ஒருவர், ஷாப்புப் பையன்களுக்குப் பந்து ஒன்று கொடுத்து ஆட்டமும் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் அதைப் புட்பால் என்றார். நாங்களும் புட்பால் என்றோம். பெண்பிள்ளைகள் ஆற்றுப் பக்கம் போகக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததால் அந்த ஆட்டத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் அண்ணன் அதிலிருந்து கொண்டுவரும் காயங்களைத்தான். முழங்கால் தேய்ந்திருக்கும், கட்டைவிரல் நகம் பெயர்ந்திருக்கும், ஒரு நாள் புருவம் கிழிந்து ரத்தம் வழிய வந்தான். பந்தின் தையல் விட்டுப்போனால் வீட்டுக்கு எடுத்துவந்து குத்தூசியால் அவனே தைப்பான்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர் அமெரிக்காவிலிருந்து வந்த மிஸ்ஸியம்மா. அமெரிக்கா வேறு, இங்கிலாந்து வேறு என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒரே ஊர், ஒரே பாஷை என்றுதான் நினைத்திருந்தோம். மிஸ்ஸியம்மா தமிழை வேதப் புத்தகத்தை வைத்துக் கற்றுக்கொண்டவர். சொற்களெல்லாம் கனமாக இருக்கும். உச்சரிப்பு மட்டும் நழுவி நழுவிப் போகும். மரியாதை குறைந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆர்' சேர்த்துவிடுவார். நாய் வருகிறார், காக்கை கத்துகிறார் என்பார். நாங்கள் ஸ்லேட்டால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்போம்.

அந்தப் புதன்கிழமை அவர் 'பிரதர்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொருத்தியும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்றார். என் முறை வந்ததும் எழுந்து, என் பிரதர் புட்பால் ஆடுகிறான் என்று இங்கிலீஷில் சொன்னேன். தப்பில்லாமல் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மிஸ்ஸியம்மா சாக்கட்டியை மேஜைமேல் வைத்துவிட்டார். அவர் முகத்திலிருந்த சிவப்பெல்லாம் வடிந்துபோயிற்று.

"எனக்கும் ஒரு சகோதரர் இருந்தார்," என்றார். "புட்பாலிலே மரித்தார். பதினெட்டு வயது. தலைக்குத் தோல் தொப்பி போட்டிருந்தார். ஆனாலும் கழுத்து முறிந்தது."

பந்தை வைத்திருப்பவன் மேல் பத்துப் பேர் ஒன்றாக வந்து விழுவார்கள் என்றும், அடியில் கிடப்பவன் சில சமயம் எழுந்திருக்க மாட்டான் என்றும் அவர் சொன்னார். பிறகு கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பெண்ணை வாக்கியம் சொல்லச் சொன்னார்.

நான் உட்கார மறந்து நின்றிருந்தேன். அண்ணனுக்கும் பதினெட்டு வயதுதான். அவனிடம் தோல் தொப்பிகூடக் கிடையாது.

வீட்டுக்கு ஓடினால் அங்கே ஒரே கொண்டாட்டமாக இருந்தது. சனிக்கிழமை வேலூரில் கோட்டைக்குப் பக்கத்து மைதானத்தில் போலீஸ்காரர்களோடு மேட்ச். துரை ஏற்பாடு செய்திருந்தார். நன்றாக ஆடுகிறவன் ஒருவனை மெட்ராஸ் கம்பெனி கிடங்குக்கு எடுத்துக்கொள்வதாகவும், அவர் மனதில் அண்ணன்தான் இருக்கிறான் என்றும் ஷாப்பில் பேச்சு. அண்ணன் வாசலில் உட்கார்ந்து, ஷாப்பில் கழித்துப்போட்ட துண்டுத் தோல்களைக் கொண்டு தனக்கு ஒரு ஜோடி செருப்பு தைத்துக்கொண்டிருந்தான். ஆடும்போது வெறுங்கால்தான். ஆனாலும் வேலூருக்கு வெறுங்காலோடு போய் இறங்க அவனுக்கு மனமில்லை.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மிஸ்ஸியம்மா சொன்னதைச் சொன்னேன். அவன் ஊசியை நிறுத்தவில்லை.

"அது அவங்க ஊர்ல. இங்க யாரு செத்தா? நான் இத்தினி நாளா ஆடல?"

"போலீஸ்காரங்க பத்து பேரு உன் மேல வுழுந்தா இன்னா பண்ணுவ?"

"வுழ வுட மாட்டேன்," என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "தோ பாரு. அம்மா கைல மட்டும் இத்த சொல்லிக்கினு கெடக்காத. தம்பி போனதுல இருந்தே அவங்க சரியா தூங்கறது இல்ல."

அது எனக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் பயம் முழுவதும் என் ஒருத்தியிடமே தங்கிவிட்டது. அன்று சாப்பிட முடியவில்லை. அண்ணன் குனிந்து சாப்பிடும்போது அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு எலும்பு முடிச்சுகள் தோலுக்கு அடியில் மேலும் கீழும் அசைந்தன. அவ்வளவு மெல்லிய இடத்தில் ஒரு மனிதனின் உயிர் இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் மிஸ்ஸியம்மாவின் பங்களாவுக்குப் போனேன். அதற்கு முன் அந்தப் படியில் நான் கால் வைத்ததில்லை. ஆனால் துரையைத் தடுக்க இன்னொரு வெள்ளைக்காரரால்தான் முடியும் என்று யோசித்து வைத்திருந்தேன். அண்ணனை அழைத்துப்போக வேண்டாம் என்று துரைக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி அழுதுகொண்டே கேட்டேன்.

மிஸ்ஸியம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். பந்து எப்படி இருக்கும் என்று கேட்டார். உருண்டையாக இருக்கும் என்றேன். பந்து வேறெப்படி இருக்கும்? முட்டையைப் போல இல்லையா என்று மறுபடி கேட்டார். இல்லை என்றேன். கையில் எடுத்து ஓடுவார்களா, காலால் உதைப்பார்களா என்றார். கையால் தொட்டால் தப்பு என்று அண்ணன் சொல்லியிருக்கிறான் என்றேன்.

திடீரென்று மிஸ்ஸியம்மா சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனாலும் சிரித்தார். என் இரண்டு கைகளையும் பிடித்து ஆட்டியபடி வேகமாக இங்கிலீஷில் என்னவோ சொன்னார். ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் தமிழுக்கு வந்து, "உன் அண்ணன் சாகறார்!" என்றார். அப்படித்தான் என் காதில் விழுந்தது. "சாகறார்! சாகறார்தான்! பயப்படாதே. கர்த்தர் நல்லவர்."

தம்பியைக் குழியில் இறக்கிய அன்று, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இதே மிஸ்ஸியம்மா சொன்னதும் அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களைத்தான். பயப்படாதே, கர்த்தர் நல்லவர். அப்போது தம்பி செத்துப்போயிருந்தான். இப்போது அண்ணனுக்கு முன்கூட்டியே சொல்கிறார். அதுவும் சிரித்துக்கொண்டு.

அவர் தட்டில் எடுத்து நீட்டிய பிஸ்கட்டை வாங்காமல் எழுந்து ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் அப்பாவுக்கு மதியச் சோறு எடுத்துப்போனபோது ஷாப்பு வாசலில் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். மிஸ்ஸியம்மா சொன்னதைச் சொல்லத் தைரியமில்லை. அண்ணன் வேலூருக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அப்பா தூக்குச் சட்டியை வாங்கிக்கொண்டார்.

"தொர கூப்ட்டு போவாம இருக்க முடியுமா?" என்றார். "அவன் மெட்ராஸ் போய்ட்டா என்னிக்கும் என்ன மாதிரி இந்தக் குழில எறங்க வேண்டியது இல்ல. நீ சும்மா இரு."

வெடித்த கையைத் தூக்கி என் தலைமேல் வைத்தார். சுண்ணாம்பு வாடை என்மேலும் ஒட்டிக்கொண்டது. இனி நான் போய்ச் சொல்வதற்கு யாரும் மிச்சமில்லை என்று எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை காலை அண்ணன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். புதுச் செருப்பு வாசலில் ஜோடியாக இருந்தது. பந்து தைக்கிற குத்தூசி மாடத்தில் இருந்தது. நான் வேலியில் போய், என் விரல் நீளத்துக்கு ஒரு வேலமுள்ளை ஒடித்துவந்தேன். வலது கால் செருப்பைத் திருப்பிவைத்து, குதிகால் படும் இடத்தில் குத்தூசியை அழுத்தினேன். தோல் லேசில் இடம் கொடுக்கவில்லை. ஊசியின் பிடியை உள்ளங்கையில் வைத்து, கைமேல் வயிற்றைச் சாய்த்து உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்த வேண்டியிருந்தது. ஓட்டை விழுந்ததும் அடியிலிருந்து முள்ளைச் செருகினேன். மேல்பக்கம் ஒரு நகக்கண் அளவுக்கு வெள்ளையாக எட்டிப் பார்த்தது. போதாது என்று இன்னும் கொஞ்சம் தள்ளினேன். ஒரு பொத்தல், ஒரு நாள் நடக்க முடியாது, அவ்வளவுதான். கழுத்துக்குப் பதிலாகக் கால். அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் தலை சீவி, சட்டை மாட்டி, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்து, செருப்பில் காலை ஓங்கிவைத்தான்.

அவன் கத்திய சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அம்மா அலறிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். அவன் தரையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பை இழுத்துக் கழற்றினான். முள் ஒடிந்து பாதி அவன் குதிகாலுக்குள் நின்றது. பிடுங்கி எறிந்தான். பிறகு செருப்பை எடுத்து, ஷாப்பில் தோலைப் பிடிப்பது போலவே வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். செருப்பை இறக்கியபோது அவன் கண் என்மேல் வந்து ஒரு கணம் நின்றது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எப்பிட்ரா? எங்க இருந்துச்சு முள்ளு?" என்றாள் அம்மா.

"வேலியாண்ட போனேன்மா. ஒட்டிக்கினு வந்துருக்கு," என்றான் அண்ணன்.

துணியைச் சுற்றிக்கொண்டு அவன் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டுவிட்டான். அதை நான் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு செய்தும் போகிறானே என்று பதறி அவன் பின்னாலேயே ஓடினேன். பிளாட்பாரத்தில் மற்றப் பையன்கள் அவன் காலைப் பார்த்தார்கள். குதியைத் தரையில் ஊன்றச் சொன்னார்கள். அவன் ஊன்றினான், முகம் வெளுத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய தோஸ்த் ஒருவன், "வாணாம்டா, நீ இரு," என்று தோளில் தட்டிவிட்டு ரயிலில் ஏறினான். வண்டி போய் வெகு நேரம் கழித்தும் அண்ணன் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். நான் சற்றுத் தள்ளி நின்று, மனசுக்குள் ஜெபம் செய்து கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அந்த மூன்று நாளில் எனக்குப் பசித்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கால் வீங்கியது. திங்கட்கிழமை தோல் மினுமினுத்து, விரல் வைத்தால் குழி விழுந்தது. அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினாள். செவ்வாய்க்கிழமை குதிகாலிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. ஜுரத்தில் அண்ணன், "பந்த இங்க தள்ளு, இங்க தள்ளு," என்று கத்தினான். கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு அப்பாவை வெளியே கூப்பிட்டார். காலை எடுக்க வேண்டி வரும், அதற்கும் நேரம் இருக்கிறதோ இல்லையோ என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

அதற்கு முந்தின மூன்று நாள் பயம் என்ன பயம்? அது யாரோ செய்யப்போவதைப் பற்றிய பயம். இது நான் செய்தது. மிஸ்ஸியம்மா தப்பாகச் சொல்லவில்லை, சாகறார் என்றார், சாகிறான், நாள்தான் தள்ளிப்போயிற்று, கருவியாக இருந்தது நான் என்று என் புத்தி கணக்குப் போட்டது. வீட்டுக்குப் பின்னால் தோல் பதனிடக் குவித்திருந்த ஆவாரம்பட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, செத்துவிட்டான் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

அவள் கூப்பிட்டது வண்டியில் ஏறத்தான். செய்தி கேட்டு மிஸ்ஸியம்மா மிஷன் மோட்டாரோடு வாசலில் வந்து நின்றிருந்தார். அண்ணனைப் பின் சீட்டில் கிடத்தினார்கள். அம்மா மடியில் தலை, என் மடியில் அந்தக் கால். வேலூர் வரைக்கும் அந்தச் சூடு என் பாவாடையைத் தாண்டித் தொடையைச் சுட்டது. நான் அதற்கு முன் வேலூர் பார்த்ததில்லை. கோட்டையையும் அகழியையும் அந்த மைதானத்தையும் கடந்துதான் போயிருக்க வேண்டும். ஒன்றும் நினைவில்லை. அந்தச் சிவப்புக் கோடு முழங்காலைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் குதிகாலைக் கீறினார்கள். உள்ளே முள்ளின் நுனி இருந்தது. பன்னிரண்டு நாள் அங்கேயே இருந்தோம். காலும் பிழைத்தது, அவனும் பிழைத்தான். ஆனால் அந்தக் குதி அதற்குப் பிறகு முழுசாகத் தரையில் படியவில்லை. கடைசி வரை சற்றுத் தூக்கித்தான் நடந்தான். வேலூர் மேட்சில் எங்கள் பையன்கள் தோற்றார்கள். ஒருவனுக்கும் கழுத்து முறியவில்லை. அண்ணன் இடத்தில் ஆடிய அவன் தோஸ்தைத் துரை மெட்ராஸுக்கு அழைத்துக்கொண்டார். அண்ணன் அதே அறையில் தோல் பிரித்து, பிற்பாடு அங்கேயே மேஸ்திரி ஆனான். எனக்குக் கல்யாணம் செய்துவைத்ததும் அவன்தான். முள்ளைப் பற்றி அவன் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் சொன்னது மிஸ்ஸியம்மாவிடம் மட்டும்தான். ஜுரம் இறங்கிய மூன்றாம் நாள் அவர் ஆம்பூரிலிருந்து ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் இப்படி இளைத்துப்போனாய் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செருப்பு, குத்தூசி, முள், எல்லாம்.

"ஏன் அப்படிச் செய்தாய்?"

"நீங்கதானே சொன்னீங்க. அண்ணன் சாகறார்னு."

"நானா?"

"பங்களாவுல. சிரிச்சுக்கினே சொன்னீங்க."

அவருக்கு வெகு நேரம் புரியவில்லை. நான் அன்று கேட்டதை அவர் குரலிலேயே இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். மூன்றாம் தடவை சொல்லும்போது அவர் கை என் தோளிலிருந்து நழுவியது. பிறகு மெதுவாக, எனக்கு விளங்கும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவர் சொன்ன சொல் 'சாக்கர்'. துரையின் ஊரில் புட்பால் என்பதற்கு அவருடைய ஊரில் சாக்கர் என்று பெயர். அவர் ஊரில் புட்பால் என்றால் அது வேறு ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவது. அவர் தம்பி செத்தது அதில். என் அண்ணன் ஆடுவது சாக்கர், அதில் பயமில்லை, கர்த்தர் நல்லவர் என்றுதான் அன்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அண்ணன் சாகவேண்டியவனே அல்ல என்றால் இனிமேலும் சாக மாட்டான் என்று நினைத்தேன். அவர் என்னைத் திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. என் வலது கையை எடுத்து விரித்து, குத்தூசிப் பிடி அழுத்திக் கன்றிப்போன இடத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அழத் தொடங்கினார். கைக்குட்டையைத் தேடவுமில்லை. வராந்தாவில் போன நர்ஸ் ஒருத்தி நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

"என் சகோதரர் மரித்த அன்றைக்கு நானும் போயிருந்தேன்," என்றார். "வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் பந்தை எடுத்து ஓடினார். நான் கை தட்டினேன்."

அவ்வளவுதான் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முள் வைத்தவள் நான். அழ வேண்டியவளும் நான். கை தட்டியதற்குப் போய் ஒரு பெரிய மனுஷி இப்படி அழுவாளா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆரஞ்சு ஒன்றை உரித்து அவர் கையில் வைத்தேன்.